ஆணியில் தொங்கிய அட்டைகள்

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம், மோகனூர் போகும் சாலையில் இருந்த ஒரு பழைய கோழி ஷெட்டில் நடந்தது இது. கோழிகள் காலிசெய்த இடத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேரப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. பெற்றோர்களே சங்கம் பதிவு செய்து நடத்தினார்கள்.

நான் சேலத்தில் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தொண்டு அமைப்புகளின் மானிய விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதுதான் முப்பத்து நான்கு வருடப் பிழைப்பு. எந்த விண்ணப்பத்தை எந்தப் பத்தியில் மடக்கலாம் என்பது எனக்கு அத்துப்படி. அந்தப் புகழைக் கேள்விப்பட்டு, தொண்டு அமைப்புகளுக்கு நிதி கொடுக்கும் ஒரு கம்பெனி என்னை அழைத்தது. நிதி கேட்கும் அமைப்பு அதற்குத் தயாராக இருக்கிறதா என்று நான் நேரில் பார்த்து எழுத வேண்டும். 'தயார்' என்று எழுதினால்தான் விண்ணப்பப் படிவமே கிடைக்கும்.

அந்தப் பள்ளிக்கு வாரம் மூன்று நாள் பிசியோதெரபி செய்ய நாமக்கல்லிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். அவர் சம்பளத்தை ஏற்றிருந்த நன்கொடையாளர் விலகிவிட்டதால், அந்த மாதத்தோடு அவர் வருவது நிற்க இருந்தது. "நடக்க ஆரம்பிச்ச புள்ளைங்க மறுபடியும் உக்காந்துக்குமுங்க சார்" என்றார் சங்கச் செயலாளர். அந்த அம்மா கோழிப்பண்ணையில் மேற்பார்வை வேலை பார்த்தவர். அவருடைய ஒன்பது வயது மகளும் அங்கேதான், சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள்.

நான் வழக்கம்போல் என் பட்டியலை எடுத்தேன். பதிவுச் சான்றிதழ் இருந்தது. துணைவிதியில் ஓரிடத்தில் 'நெசவாளர் நலன்' என்று இருந்தது. எந்தச் சங்கத்தின் விதியைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் எல்லாமே 'ஒருமனதாக'. இருபது பெற்றோர் மூன்று வருடம் ஒருமுறைகூடச் சண்டை போடவில்லையாம்.

"குழந்தைகளோட முன்னேற்றப் பதிவேடு எங்கே?" என்றேன்.

"அப்படித் தனியா ஒண்ணும் இல்லீங்க சார்."

சுவர் நெடுக ஆணியடித்து, பண்ணையில் ஷெட்டுக்கு ஒன்றாகத் தொங்குமே, அந்த அன்றாடக் கணக்கு அட்டைகளை மாட்டியிருந்தார்கள். தீவனம், தண்ணீர், முட்டை, சாவு என்று அச்சடித்த கட்டங்கள் தூரத்திலிருந்தே தெரிந்தன.

"கோழி போயாச்சு, அட்டை எதுக்கும்மா? கம்பெனிக்காரங்க வந்தா முட்டை எத்தனைன்னு கேக்கப் போறாங்க. முதல்ல கழட்டுங்க" என்றேன்.

அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "செரிங்க சார்" என்றார்.

அன்று மாலையே அறிக்கையை அனுப்பிவிட்டேன்: 'முன்னேற்றத்தை அளக்க எந்த ஏற்பாடும் இல்லை. தயாரில்லை.'

நான்கு நாள் கழித்து, முடிவை நேரில் சொல்வதுதான் முறை என்று மறுபடியும் போனேன். சுவர் சுத்தமாக இருந்தது. எனக்குத் திருப்தி. பள்ளி விடும் நேரம். குழந்தைகள் ஒவ்வொருவராகக் கிளம்ப, செயலாளரின் மகள் மட்டும் வெறும் ஆணியை விரலால் தடவியபடி நகராமல் நின்றாள்.

"வா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்று அம்மா கெஞ்சினார். அவள் தலையை ஆட்டினாள்.

"என்னம்மா ஆச்சு?"

"அவ அட்டை அங்கதானுங்க சார் இருந்துச்சு. அன்னைக்கு என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொன்னாத்தான் கிளம்புவா. நாலு நாளா இதே ரவுசுதானுங்க."

"எந்த அட்டை?"

"நீங்க கழட்டச் சொன்னீங்களே, அதுங்க."

மூலையில் கிடந்த தீவனச் சாக்கிலிருந்து அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். குழந்தைக்கு ஓர் அட்டை; நிரம்பிய பழையவை அதன் பின்னாலேயே கோத்திருந்தன. 'முட்டை'யை அடித்துவிட்டு 'தூக்கம்' என்று எழுதியிருந்தது. 'சாவு' என்ற கட்டத்தில் இரண்டு கோடு இழுத்து, மேலே 'இன்னைக்குப் புதுசு' என்று எழுதியிருந்தது. ரெண்டு இட்லி. மத்தியானம் வலிப்பு. டம்ளரைத் தானே புடிச்சா. வண்டியை உட்டுட்டு மூணு அடி. நான் கழட்டச் சொன்ன நாள்வரை, மூன்று வருடத்தில் பள்ளி நடந்த ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஆய்வுக்கு முதல் நாள் ஒரே பேனாவில் எழுதி முடித்த பதிவேடுகளுக்கு நான் எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"இது இருக்குன்னு ஏம்மா அன்னைக்கே சொல்லலை?"

"நீங்க பதிவேடுன்னு கேட்டீங்க. இது பண்ணைப் பழக்கமுங்க. ஒரு நாள் எழுதாம உட்டா எந்த ஷெட்டுல தண்ணி கொறைஞ்சுதுன்னு தெரியாது. புள்ளைங்களுக்கும் அப்படித்தானேன்னு மாட்டி வெச்சோம். படிச்சவுங்க கழட்டச் சொன்னா காரணம் இருக்கும்னு கழட்டிட்டோமுங்க."

அறிக்கை போய்விட்டதைச் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பணிக்காலத்தில் எழுதிய குறிப்பைத் திரும்பப் பெற்றவர்களை நான் கேலி செய்திருக்கிறேன். அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் செய்து, "என் அறிக்கை தப்பு, வேறு அனுப்புகிறேன்" என்றேன். "எந்தப் பகுதி சார் தப்பு?" என்று கேட்டார்கள். "நான் பார்த்த பகுதி" என்றேன்.

புது அறிக்கையில் நெசவாளர்களை மறைக்கவில்லை. பொதுக்குழு கூடி அவர்களைத் துணைவிதியிலிருந்து நீக்கியது. அந்தக் கூட்டத்தில் நடந்த சண்டையையும் ஒழுங்காக எழுத வைத்தேன். படிவம் கிடைத்தது. கேட்டதைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் பிசியோதெரபி நிற்கவில்லை.

அதற்குப் பிறகு போனபோது அட்டைகளெல்லாம் ஆணிக்குத் திரும்பியிருந்தன. கடைசியில் ஒன்று கூடுதலாகத் தொங்கியது. என்னுடையது, நான் போன் செய்த நாளுக்கானது. தீவனம்: சக்கரை இல்லாத டீ. தண்ணீர்: ஒரு சொம்பு. இன்னைக்குப் புதுசு: தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க.

அந்தச் சிறுமி அதைத் தன் அம்மா சத்தமாகப் படிக்கும்வரை என்னை வாசல் தாண்ட விடவில்லை. என் பணிப்பதிவேட்டில் முப்பத்து நான்கு வருடமும் ஒரு கறை கிடையாது. ஆனால் அதில் 'இன்னைக்குப் புதுசு' என்ற கட்டம் இருந்திருந்தால் எத்தனை நாள் காலியாகக் கிடந்திருக்கும் என்பதை, இப்போதெல்லாம் எந்த அமைப்பைப் பார்க்கப் போனாலும் என் பட்டியலைத் திறக்கும் முன் ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.