உறைந்துபோன மருந்து

எங்கள் ஊருக்குத் தடுப்பூசி போட வரும் நர்ஸம்மா ஒல்லியானவர். புடவைக் கரையில் எப்போதும் வரப்புச் சேறு இருக்கும். போடுமுன் மருந்துக் குப்பியைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நல்ல மருந்து பால்போலக் கலங்கியே நிற்கும்.

ஒரு நாள் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தேன். அன்று குலுக்கிய பிறகும் குப்பியில் வெள்ளைத் துணுக்குகள் அடியில் படிந்து, மேலே வெறும் தண்ணீர் நின்றது.

"இன்னிக்கு ஊசி இல்ல. பொட்டில குப்பிய ஐஸ ஒட்டி வெச்சுட்டேன், மருந்து ஒறைஞ்சி உருகிகீது. தப்பு என்னுது," என்றார்.

"இன்னும் நல்லா குலுக்கும்மா. கூலிய வுட்டுட்டு வந்துகிறோம்," என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

"இந்தத் தூளுங்க ஒண்ண ஒண்ணு தள்ளிக்கினு எட்ட நின்னாத்தான் தண்ணில கலந்து நிக்கும். ஒறைஞ்சா நெருங்கி ஒட்டிக்கும். அப்பால எவ்ளோ குலுக்கினாலும் பிரியாது. இத்தப் போட்டா புள்ளைக்கு வலிதான், நோய் நிக்காது."

ஏச்சை வாங்கிக்கொண்டு உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினார். மாலையில் புது மருந்தோடு திரும்பி, கூலியை இழந்தவர்களின் வீடுகளுக்கே முதலில் போனார். எங்கள் வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது.

அந்தக் குப்பி மருந்தையே அவர் போட்டிருந்தாலும் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.