அப்பா மழிக்காத காலை

நாலு நாள் தாடியோடு என் மகன் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

போரில் எங்கள் ஊருக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம்; பிளேட், சவர்க்காரம் எதுவும் கடையில் கிடையாது. கொழும்புக்குப் போன அண்ணையிடமிருந்து ஏழு மாதமாகக் கடிதமில்லை. அப்பாவோ பழைய பிளேட்டைக் கண்ணாடித் தம்ளருக்குள் தேய்த்துத் தீட்டி, சவர்க்காரம் இல்லாமல் வெறும் தண்ணீரில் தினமும் முகம் வழிப்பார்.

"ஆருக்குக் காட்ட உந்த வடிவு, புதுமாப்பிள்ளை?" என்று அம்மா பகிடி பண்ணுவார்.

"செத்தவீட்டுக்காரன்தான் தாடி விடுவான். நான் விட்டால் பெடியன் உயிரோட இல்லையெண்டு சனம் கதைக்கும். ஊர்வாய்க்கு உலைமூடி இல்லையப்பா."

ஒருநாள் பின்னேரம், சுகமாக இருப்பதாக அண்ணையின் கடிதம் வந்தது. அப்பா அதை மூன்று தரம் வாசித்துவிட்டுப் படுத்தார். மறுநாள் வெயில் ஏறியும் எழும்பவில்லை. அவர் கன்னத்தில் நரைமுள்ளை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

எழுப்பப் போன என்னை அம்மா பிடித்து நிறுத்தினார்.

"விடு பிள்ளை. கொப்பர் இண்டைக்குத்தான் நித்திரை கொள்ளுறார்."