சும்மா நின்ற கப்பல்

இன்று மே தின விடுமுறை. வீட்டுக்குப் பக்கத்தில் போட்டாதாங் கப்பல் துறையில் கிரேன் இரைச்சலே இல்லை. காலையில் அதைக் கவனித்ததுமே எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது!

அப்பா அங்கே அரிசி மூட்டை சுமந்தவர். எனக்கு ஏழு வயதானபோது, கடலுக்கு அக்கரையில் சென்னையில் தொழிலாளர்கள் இந்த நாளைத் தங்கள் நாளென்று கொண்டாடினார்களாம். கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்த சேதி. மறு வருடம் அதே நாள் விடியலில் மேஸ்திரி வழக்கம்போல் எங்கள் லைன் வீட்டுக் கதவுகளைத் தடியால் தட்டிப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். ஒருவரும் போகவில்லை.

வாழ்க்கையில் முதல் லீவு. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. குளித்து, வெளுத்த லுங்கி கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளோடு எல்லோரும் எங்கே போனார்கள் தெரியுமா? அதே துறைக்குத்தான்! ஈரச் சாக்கு வாடைக்கு நடுவே, பாதி சரக்கு ஏற்றிய கப்பல் அப்படியே நின்றது.

"பாத்தியா, நாம தொடலேன்னா அசைய மாட்டேங்குது!" தேரைக் காட்டுவதுபோல் காட்டினார் அப்பா.

"நாளைக்கு உங்க பேரைக் கூப்பிடலேன்னா?" என்றாள் அம்மா.

அப்பா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனை பேரையும் விட்டுட்டு யாரைக் கூப்பிடுவான்?"

பேரன் பூங்காவுக்குக் கூப்பிடுகிறான். போகலாம். முதலில் துறைக்குப் போய்க் கப்பல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.