ஒரு மேசையில் மூன்று பலா

1997 ஜூன் 11, புதன்கிழமை. காலையில் கிணற்றில் குளித்து, கோழிகளைத் திறந்துவிட்டு, பாணும் சம்பலும் சாப்பிட்டேன். மனைவி கட்டித் தந்த சோற்றுப் பொதியைச் சைக்கிள் கரியரில் வைத்தேன். கல்லடிப் பாலத்தடியில் இறங்கி, காவலில் நின்ற ஆமிக்காரரிடம் அடையாள அட்டையைக் காட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வாவியைக் கடந்தேன். அலுவலகத்தில் நாட்காட்டித் தாளைக் கிழித்துவிட்டுத்தான் உட்காருவது வழக்கம். அன்றும் அப்படியே. என் பொதியில் வெறும் சோறுதான் இருந்தது. அன்று கறி நானாவின் முறை.

எங்கள் பிரிவில் மூன்று பேர். காத்தான்குடியிலிருந்து வரும் நானா முஸ்லிம், எல்லோருக்கும் மூத்தவர். அக்கா சிங்களவர், பொலன்னறுவைப் பக்கம் பிறந்து, மட்டக்களப்பு நகரத்தில் வாழ்க்கைப்பட்டவர். மற்றது நான். ஒருவர் மூவருக்கும் கறி கொண்டுவர வேண்டும், மற்ற இருவரும் சோறு மட்டும். இப்படி முறை சுற்றி வரும். எனக்காக நானா மாட்டிறைச்சி கொண்டுவருவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் யார் முறையானாலும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது.

நாங்கள் சேர்ந்து சாப்பிடும் மேசைக்கென்று ஒரு சொல் இருந்தது. முதல் வருடம் ஒருநாள், "நாளைக்கு நான் பலா கொண்டு வாறன்" என்று சொல்லியிருந்தேன். மறுநாள் பலாக்காய்க் கறியைத் திறந்ததும் அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது கொஸ் தானே. பலா எங்க?"

சிங்களத்தில் பலா என்றால் கீரை வகை. பலாவுக்குப் பெயர் கொஸ். நான் விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, நானா சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் திங்கிற சாமானச் சொல்லுறீங்க. எங்கட ஊட்ட பலா வந்தா ஓதித்தான் விரட்டோணும்."

அரபியிலிருந்து அவர்கள் பேச்சுக்கு வந்த பலாவுக்குத் துன்பம் என்று பொருள். அன்றிலிருந்து அக்கா கீரைச் சுண்டல் கொண்டுவரும் நாட்களில், "இன்னைக்கு என்ட பலா" என்று அறிவித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். பாதையில் சோதனை கடுமையென்றால் நானா வந்து கதிரையில் விழுந்து, "வழியெல்லாம் என்ட பலா" என்பார்.

அந்தக் கிழமை அவருடைய பலா வேறு விதமாக வந்திருந்தது. காத்தான்குடியிலேயே உள்ள கிளைக்கு மாறிப் போகலாம், புதன் பின்னேரத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று மேலதிகாரி கேட்டிருந்தார். அக்கறையில் கேட்டதுதான். நானா வீடு திரும்பும்வரை அவர் மனைவி வாசலிலேயே நிற்பது எங்களுக்கும் தெரியும். போக வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அன்று காலை நான் பாலத்தைக் கடந்து வந்த சற்று நேரத்தில் அதன் அந்தப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. பாலத்தைப் பூட்டிவிட்டார்கள் என்று பின்னால் வந்த ஒருவர் சொன்னார். பகல் சாப்பாட்டு நேரம் ஆயிற்று. நானா வரவில்லை.

"சந்திக் கடையில மீன் கறி வாங்கிட்டு வரவா அக்கா?" என்றேன்.

"வாங்கினா நீ சாப்பிடு. இன்னைக்கு நானாட முறை தானே."

"பாலம் பூட்டாம்."

"பூட்டினா தொறப்பாங்க."

"தொறக்காட்டி?"

"சோறு பழுதாகும். வேற என்ன."

அக்காவின் பொதி கட்டிய நூலோடு மேசையில் கிடந்தது. என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன். கோப்புகளை எடுத்துப் பார்த்தேன், ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். மற்றப் பிரிவுக்காரர்கள் சாப்பிட்டுக் கைகழுவி, தேநீரும் குடித்து முடித்துவிட்டார்கள்.

பின்னேரம் நானா வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் துணியில் கட்டிய இரண்டு சட்டிகள்.

"இவ்வளவு நேரமா சமைச்சீங்க?" என்றார் அக்கா.

"சமைச்சது சுபஹுத் தொழுத கையோட. பாலத்துல ஒரு ஆமிக்காரன் சட்டிக்குள்ள கம்பிய உட்டுக் கிண்டினான். மறுகா மணந்து பாத்தான். பசி போல, பாவம்."

துணியை அவிழ்த்தார். ஒன்றில் பலாக்காய்க் கறி, மற்றதில் கீரைச் சுண்டல்.

"ரெண்டு பேர்ர பலாவும் இரிக்கி. என்ட பலாவ பாலத்துல உட்டுட்டு வந்தன்" என்றவர், அப்போதுதான் எங்கள் பொதிகளைக் கண்டார். ஒன்றின் நூலைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க இன்னும் திங்கல்லியா?"

நான் அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"கடைசி முறைதானே, ரெண்டையும் ஆக்கிக் குடுப்பம், மறுகா பெரியவர்ட்ட ஓம் எண்டு சொல்லிட்டுப் போவம் எண்டுதான் வந்தன்."

அக்கா பொதியை அவிழ்த்தார். சோறு லேசாகப் புளிப்பு வாடை அடித்தது. அப்படியே மூவரும் சாப்பிட்டோம். சுண்டலில் உப்புக் கொஞ்சம் கூட. அதை அக்கா அன்று சொல்லவில்லை, அடுத்த கிழமைதான் சொன்னார்.

சட்டிகளைக் கழுவி வைத்துவிட்டு நானா கேட்டார், "நாளைக்கு யார்ர முறை?"

"என்ட" என்றேன்.

"அப்ப நான் சோறு மட்டும் கொண்டு வந்தாக் காணும்."

கையைத் துடைத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குள் போனார். போன சுருக்கில் திரும்பினார்.

"என்ன சொன்னீங்க?" என்றார் அக்கா.

"மாறிப் போக ஏலா எண்டன்."

"வீட்ட என்ன சொல்லுவீங்க?"

"அங்கதான் இரிக்கி எனக்கு இண்டைக்குப் பெரிய பலா" என்று சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்தார்.

மறுநாள் காலை, கோழிகளைத் திறப்பதற்கும் முன், கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பின்வளவு மரத்தில் மூவருக்குப் போதுமான பலாக்காய் ஒன்றை வெட்டினேன்.