சூப்பர்வைசரா, வெல்டரா

அனுசுயாவின் விரல்கள் கணினியில் ‘மேற்பார்வையாளர்’ என்று அடித்தன. சற்று நின்றன. பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தன.

“ஏங்க்கா அழிக்கிறீங்க?” என்றான் பிலவேந்திரன். பக்கத்தில் அவன் மனைவி ஆனி ரோஸ்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மாடியில் இருந்தது அனுசுயாவின் டைப்பிங் சென்டர். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் பக்கத்து லப்பைக்குடிக்காடு ஊர்க்காரர்களின் காகிதங்களை அடித்து அடித்தே, எந்த நாடு எந்த வேலைக்கு என்ன கேட்கிறது என்று தானாகப் படித்துக்கொண்டவள். வேலையின் பெயரை அவள் முதலில் கேட்பதில்லை; என்ன செய்கிறார்கள் என்றுதான் கேட்பாள். இன்று அவன் அவசரப்படுத்தியதில் அடித்துவிட்டாள்.

பிலவேந்திரன் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவன். கனடாவில் குடியேற விண்ணப்பிக்கிறான். தொழில் பிரிவு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்கிற வேலை அதோடு பொருந்தாவிட்டால் நிராகரிப்பார்கள். பொய் என்று முடிவானால் சில வருடங்களுக்குத் திரும்பக் கேட்கவும் முடியாது.

“தம்பி, ஆலை கேட்டுக்குள்ள நொழஞ்சதுலேந்து என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க.”

“நாலு பேருக்கு வேலை பிரிச்சு வுடுவேன்.”

“அப்புறம்?”

“அவ்ளோதான்.”

“சாயங்காலம் வரைக்கும் சும்மாவே ஒக்காந்திருப்பீங்களா?”

“சும்மாவா?” அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “குழாய்க்குப் பின்னாடி ஒடைஞ்சா கண்ணுக்கே தெரியாதுக்கா. எதுத்தாப்ல கண்ணாடிய சாய்ச்சு வச்சு, அதுல பாத்துக்கிட்டே வெல்டிங் அடிக்கணும். நம்ம கை ஒரு பக்கம் போவும், கண்ணாடில வேற பக்கம் தெரியும். எங்க ஷிப்ட்ல அதுக்கு என்னையதான் கூப்பிடுவாங்க.”

தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பற்றவைப்பது, பற்றவைத்ததைச் சோதிப்பது என்று பேச்சு நீண்டது. அனுசுயா அடித்துக்கொண்டே இருந்தாள். அந்த நாலு பேரைப் பற்றி அவன் மறுபடி பேசவே இல்லை.

“வெல்டர்னு போடுறேன்.”

“கல்யாணப் பத்திரிகைல சூப்பர்வைசர்னு போட்டோமேக்கா.”

“அது பொண்ணு வூட்டுக்கு. இது கனடாவுக்கு.”

ஆனி ரோஸ் சிரித்துவிட்டாள். “எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. வெல்டிங் பொறி பட்டு சட்டையெல்லாம் பொத்தல் பொத்தலா இருக்கறப்பவே எனக்குத் தெரியும்.”

அவன் திரையைப் பார்த்தான். “சரி, போடுங்கக்கா.”

வேலை விவரத்தை அச்செடுத்து, வரி வரியாக அவனையே வாசிக்கச் சொன்னாள் அனுசுயா. ‘மேற்பார்வையாளர்’ என்று எங்கும் இல்லை. ‘நால்வருக்கு வேலை பிரித்தல்’ கடைசி வரியாக இருந்தது.

“ஒங்க காண்ட்ராக்ட் மொதலாளிகிட்ட காட்டுங்க. இதுல உள்ளது உண்மைன்னா கையெழுத்துப் போடட்டும்.”

தாள்களை உறையில் போட்டு நீட்டினாள். ஆனி ரோஸ் முந்திக்கொண்டு வாங்கினாள்.