அத்திப்பழ பிஸ்கட் போன சம்படம்

வளைகுடாவில் நம்மவர்கள் குடியிருக்கும் ஃபிளாட்டுகளில், நான் பார்த்த வரை, அடுப்புக்கு அடியில் இருக்கும் ஓவனில் யாரும் எதையும் சுடுவதில்லை. நான்கு பர்னர் அடுப்பு வாங்கினால் ஓவனும் சேர்ந்தே வருகிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே கம்பித் தட்டு, ஒரு சின்ன விளக்கு. நாம் அதற்குள் தோசைக்கல்லையும் வாணலியையும் அடுக்கிக் கதவைச் சாத்திவிடுகிறோம். துபாயின் அல் குசைஸில் நான் இப்போது ஒண்டியிருக்கும் நூர்ஜஹான் அக்காவின் வீட்டிலும் அப்படித்தான். போன வாரம் அக்கா தன் ஓவனில் இருந்த இடியாப்பத் தட்டு, பழைய குக்கர் மூடி, பிரிக்காத அப்பளக் கட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வசந்தி, மூத்தவளைக் கேட்டு வெள்ளிக்கிழமை மாப்புள வீட்டுக்காரங்க வர்றாங்கம்மா. நீ உள்ளுக்கு பழம் வச்சு என்னமோ இத்தாலி பிஸ்கட்டு செய்வியாமே, நிவேதா சொல்லிச்சு. கொஞ்சம் போட்டுத் தாயேன்."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அடுத்தவர் வீட்டு ஹாலில் மெத்தை விரித்துப் படுப்பவளுக்கு அந்தச் சொல் அவ்வளவு எளிதில் வராது. "செய்றேன்க்கா" என்றேன்.

அக்கா கீழக்கரைக்காரர். அவர் கணவருக்கு இங்கே துணிக்கடை. அவர்கள் எங்களை வைத்திருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை, மனசைத் தவிர. நானும் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நிவேதாவும் விசிட் விசாவில் இருக்கிறோம். என் கணவர் கதிரேசன் கோவில்பட்டியில் இருக்கிறார். மார்ச்சில் நிவேதாவுக்குப் பொதுத்தேர்வு. அவளுடைய பள்ளியும் தேர்வு மையமும் ராஸ் அல் கைமாவில். எங்கள் விசா முடிகிற நாள் கடைசிப் பரீட்சைக்கு முன்னால் வருகிறது. நீட்டித்துத் தருவார்களா என்று கேட்டால் விசா மனுக்களைத் தட்டித் தரும் டைப்பிங் சென்டர்காரர் "இன்ஷா அல்லாஹ்" என்கிறார். அதைத் தாண்டி அவரிடம் எதுவும் பெற முடியவில்லை.

இந்த நிலைமைக்கும் அந்த பிஸ்கட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதை நடந்தபடியே எழுதுகிறேன்.

கதிரேசன் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் ஃபேக்டரியில் கில்ன் சூப்பர்வைசராக இருந்தார். கில்ன் என்றால் சூளை. நீளமான சுரங்கம் போல இருக்கும், பச்சைக் களிமண் ஒரு முனையில் போய் மறுமுனையில் பளபளப்பான தரைக்கல்லாக வரும். மெஷின்கள் இத்தாலியில் இருந்து வந்தவை, அவற்றோடு வந்தவர் மேனேஜர் சால்வோ. அவருடைய மனைவி ரோசாவுக்குப் பேச்சுத்துணை இல்லை. நான் ஊரில் ஒரு நாளிதழின் மாவட்ட நிருபராக இருந்தவள், ஆங்கிலம் ஓரளவு வரும். ஃபேக்டரி குடும்ப விழாவில் பழக்கமானோம். ஒரு டிசம்பரில் அவள் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தாள். அடுப்படி மேசை முழுக்க உலர்ந்த அத்திப்பழமும் பேரீச்சையும் பாதாமும் ஆரஞ்சுத் தோலுமாக இருந்தன.

அதற்குக் குச்சிதாத்தி என்று பெயர். சாதாரண நாளில் செய்வதில்லை, கிறிஸ்துமஸ், கல்யாணம், குழந்தைக்குப் பெயர் வைப்பது போன்ற நாட்களுக்குத்தான் என்றாள் ரோசா. பழங்களைப் பட்டை, கிராம்பு, தேன் சேர்த்து அரைத்து இரவு முழுக்க ஊறவிட வேண்டும். வெண்ணெயும் முட்டையும் போட்டுப் பிசைந்த மைதா மாவை நீளப் பட்டையாகத் தேய்த்து, நடுவில் பூரணத்தைக் கயிறு போல வைத்து, சுருட்டி, சாய்வாக வெட்ட வேண்டும். பக்கவாட்டில் கத்தியால் சின்னச் சின்ன வெட்டு, சுடும்போது அது விரிந்து உள்ளே இருக்கும் பழம் தெரியும். நம் ஊர் சோமாசியிலும் கொழுக்கட்டையிலும் பூரணம் இருப்பதை வெளியே காட்டுவதில்லை. ஓரத்தை மடக்கி மடக்கி அடைத்துவிடுவோம். இவர்கள் வேண்டுமென்றே திறந்து வைக்கிறார்கள். அன்று அதை ஒரு சமையல் வித்தியாசமாக மட்டுமே பார்த்தேன்.

முதல் தட்டு வெந்து வந்ததும் ரோசா ஒன்றை எடுத்து நீட்டினாள். "பரவாயில்லை, வேண்டாம்" என்றேன். முதல் தடவை வேண்டாம் என்பதும், அவர்கள் வற்புறுத்துவதும், இரண்டாம் தடவை தயங்கி எடுத்துக்கொள்வதும்தானே நம் வழக்கம். ரோசா "ஓகே" என்று சொல்லித் தட்டைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டாள். அரை நாள் மாவு தேய்த்துவிட்டு ஒன்றுகூடத் தின்னாமல் வீட்டுக்கு வந்தேன். கதிரேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இனிமே வெள்ளக்காரன் குடுத்தா டபக்குனு வாங்கி வாயில போட்டுரு."

அடுத்த ஆண்டு ரோசா தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள இத்தாலிக்கே போய்விட்டாள். அதற்கு அடுத்த ஆண்டு, 2008 கடைசியில், துபாயில் கட்டடங்கள் பாதியில் நின்றன. கட்டடம் நின்றால் தரைக்கல் எதற்கு? ஃபேக்டரியில் ஒரு கில்னை அணைத்தார்கள். ஒரு சூப்பர்வைசர் அதிகம் என்று பேச்சு வந்தது. இருந்தவர்கள் இரண்டு பேர், கதிரேசனும் திருச்சூர்க்காரர் பிஜுவும். முடிவு சால்வோவின் கையில். வேலை போனால் விசா போகும், விசா போனால் ஒரு மாதத்தில் கிளம்ப வேண்டும், கம்பெனி ஃபிளாட்டையும் காலி செய்ய வேண்டும். எங்களுக்குப் பெரிதாக எதுவும் வேண்டியிருக்கவில்லை. மார்ச் முடியும்வரை, நிவேதா பரீட்சை எழுதி முடிக்கும்வரை, அந்த வீடு நின்றால் போதும்.

பிஜு நேராக ஆபீசுக்குப் போய் "சார், எனக்கு இந்த வேலை வேண்டும்" என்று கேட்டுவிட்டு வந்தாராம். கதிரேசனுக்கு அது அருவருப்பாக இருந்தது. "வெக்கங்கெட்ட பய. கூட வேல பாக்குதவன் வயித்துல அடிக்கோம்னு ஒரு இது வேண்டாமா? நான் போயி கேக்க மாட்டேன்."

"நீங்க போக வேண்டாம். நான் போறேன்" என்றேன். "கிறிஸ்துமஸ் வருது. அவரு தனியா இருக்காரு."

எங்கள் ஓவனில் இருந்த பாத்திரங்களை வெளியே எடுத்தேன். அதன் எண்கள் அழிந்துபோயிருந்தன. ஒரு சிட்டிகை மாவைத் தட்டில் தூவி, அது எவ்வளவு வேகமாகச் சிவக்கிறது என்று பார்த்துத்தான் சூட்டைக் கணிக்க முடிந்தது. முதல் தட்டு அடியில் கருகியது. இரண்டாவதில் பூரணம் வழிந்து கம்பியில் ஒட்டிப் புகைந்தது. கதிரேசன் டியூட்டி முடிந்து வந்து ஓவன் கதவருகே குத்தவைத்து உட்கார்ந்தார். "பகல் பூரா நான் டைல்ஸ வேக வைக்கேன். வீட்டுக்கு வந்தா நீ பிஸ்கட்ட வேக வைக்க. ரெண்டையும் அந்த ஒரே ஆளுதான் பாஸ் பண்ணணும்." அந்த மாதத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது தட்டு சரியாக வந்தது. எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பொடியும் குழைத்து மேலே பூசி, வண்ண மிட்டாய் தூவினேன். அடுக்குவதற்கு என் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் சம்படத்தை எடுத்தேன். மூடி இறுக்கமாக உட்காரும் நல்ல கனமான சம்படம், விளிம்பில் என் பெயரும் ஊரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்தால் டப்பாவை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். சம்படத்தில் கொடுத்தால் அது திரும்பி வர வேண்டும், வெறுமையாகவும் வரக் கூடாது. ஒரு பிடி சர்க்கரையோ நாலு பழமோ போட்டு எடுத்து வருவார்கள். வருகிறபோது உட்கார்ந்து பேசுவார்கள், "அப்புறம், என்ன விஷயம்?" என்பார்கள். பலகாரத்தோடு போகிற அன்றே காரியத்தைச் சொல்வது விலை பேசுவது போல இருக்கும். பாத்திரம் திரும்பும் அன்றுதான் பேச்சு. இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, இப்படித்தான் நடக்கும் என்று தெரியும், அவ்வளவுதான்.

கிளம்பும்போது நிவேதா புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கினாள். இங்கேயே வளர்ந்த பெண். "அம்மா, ஜஸ்ட் ஆஸ்க் ஹிம். ஸ்ட்ரெயிட்டா கேளு, மார்ச் வரைக்கும்னு."

"உனக்குத் தெரியாது. படி" என்றேன்.

சால்வோ கதவைத் திறந்தார். சம்படத்தின் மூடியைத் திறந்ததும் குனிந்து முகர்ந்தார், கொஞ்ச நேரம் நிமிரவில்லை. நான் வாசலிலேயே நின்று, தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். இத்தனை வருடம் எங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள். ரோசாவையும் உங்களையும் நாங்கள் மறக்கவே மாட்டோம். என் கணவர் உங்களிடம்தான் தொழில் கற்றார். என் மகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உதவி கேட்கப் போகிறவர்கள் முதலில் பழைய உதவிகளை எடுத்துச் சொல்வார்கள். எதிரே இருப்பவருக்கு அதிலேயே புரிந்துவிடும். சால்வோவுக்கும் புரிந்தது என்றே நினைத்தேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்கள் நிறைந்திருந்தன. "கிராத்சியே, சிஞ்ஞோரா" என்று இரண்டு முறை சொன்னார். நன்றி, அம்மா என்று பொருள்.

வீட்டில் கதிரேசன் வாசலிலேயே நின்றிருந்தார். "கேட்டியா?"

"கேக்கவே வேண்டியதில்ல. கண்ணு கலங்கிட்டாரு."

"அப்பக் காரியம் முடிஞ்சுது" என்றார். அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

பிறகு சம்படத்துக்காகக் காத்திருந்தோம். கிறிஸ்துமஸ் முடிந்தது. கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஹாலைக் கூட்டினேன். அவர் வந்தால் கொடுப்பதற்குக் காப்பிப்பொடிகூட மாற்றி வாங்கி வைத்தேன். புத்தாண்டும் போனது. ஒரு மத்தியானம் கதிரேசன் டியூட்டி நேரத்திலேயே வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையில் கம்பெனிக் கடிதம் மடித்திருந்தது. அவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அன்று அவரும் சால்வோவும் பேசியதை அந்த வரிசையிலேயே என்னிடம் சொன்னார்.

"சார், என் வைஃப் வந்து உங்களப் பாத்தாளே" என்று இவர் கேட்டிருக்கிறார். சால்வோ ஆச்சரியப்பட்டிருக்கிறார். ஆமாம், அதனால்தானே! இரண்டு நல்ல ஆட்களில் யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க முடியாமல் தூங்காமல் கிடந்தேன். பிஜு தனக்கு வேலை வேண்டும் என்றார், நீ ஒன்றுமே சொல்லவில்லை. அப்போது உன் மனைவி பிஸ்கட் பெட்டியோடு வந்து விடைபெற்றுக்கொண்டார். உங்களுக்கு ஊரில் ஏதோ அமைந்துவிட்டது, என்னைச் சங்கடப்படுத்தாமல் அதை இப்படிச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். எவ்வளவு நாகரிகமான மனிதர்கள் என்று நினைத்தேன். மறுநாள் உன் பெயரைக் கொடுத்தேன்.

கதிரேசன் விஷயத்தைச் சொன்னதும் சால்வோவின் முகம் வெளுத்துவிட்டதாம். உடனே ஹெட் ஆபீசுக்கு ஓடியிருக்கிறார். அங்கே இருந்தவர் கையை விரித்து "மாஃபி" என்றார். இல்லை. விசா கேன்சலுக்குப் போய்விட்டது. கலாஸ், அவ்வளவுதான், முடிந்தது.

பத்திரிகையில் எனக்கு முதலில் சொல்லித்தந்தது, முக்கியமான விஷயம் முதல் வரியில் இருக்க வேண்டும் என்பது. நான்கு ஆண்டுகள் பிறருடைய துயரங்களை அப்படித்தான் எழுதினேன். என் வீட்டுச் செய்தியை மட்டும் எந்த வரியிலும் வைக்கவில்லை. நிவேதா என்னைத் திட்டவில்லை. "இட்ஸ் ஓகேம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் அட்லஸையும் கணக்குப் புத்தகங்களையும் தானே அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். அவள் திட்டியிருக்கலாம். ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் கதிரேசன் அவளிடம் "அப்பா இல்லேன்னு படிப்ப விட்டுராத" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் போனில் சாப்பாடு, வெயில், பரீட்சை என்று மூன்றைப் பற்றித்தான் பேசுகிறோம்.

ராஸ் அல் கைமாவை விட்டுக் கிளம்பும் முன் சால்வோ எங்களைப் பார்க்க வந்தார். கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவே அவருக்கு உட்கார நாற்காலி இல்லை. மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். யார் எதற்குக் கேட்கிறோம் என்பது இருவருக்கும் தெளிவாக இல்லை. பிறகு, என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக இருக்கும், இதைச் சொன்னார். மீதி பிஸ்கட்டை அந்தப் பெட்டியோடு, ஊருக்குப் போன ஒரு நண்பரிடம் ரோசாவுக்குக் கொடுத்தனுப்பினாராம். ரோசா அதை அடுப்படி ஜன்னலில் வைத்திருக்கிறாளாம். "விளிம்பில் அந்தப் புள்ளி வேலைப்பாடு இருக்கிறதே, ரொம்ப அழகு என்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். உங்கள் ஊர் டிசைனா?"

"ஆமாம், எங்கள் ஊர் டிசைன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டு ஓவனில் பிஸ்கட் ஒரே தடவையில் சரியாக வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குப் பிடித்திருந்தது. அவர்கள் கிளம்பும்போது கொடுத்தனுப்ப அக்கா மேல் தட்டில் இருந்து ஒரு எவர்சில்வர் சம்படத்தை இறக்கினார். நான் அதில் காகிதம் விரித்து அடுக்கிக்கொண்டே, "அக்கா, இது நல்ல பாத்திரம். பிளாஸ்டிக் டப்பா ஏதாவது குடுங்களேன்" என்றேன். உள்ளறையில் நிவேதா வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பாஸ்போர்ட் இன்னும் டைப்பிங் சென்டரில்தான் இருந்தது.

அக்கா சிரித்தார். ஈரக் கையைத் துணியில் துடைத்துவிட்டு, விளிம்பில் வெட்டியிருந்த தன் பெயரைக் கட்டை விரலால் தடவிக் காட்டினார்.

"பேரும் ஊரும் போட்டிருக்குல்ல, புள்ள. எங்கிட்டுப் போனாலும் திரும்பி வந்துரும்."