கொல்வது யார் என்று எழுதியவள்

அவளுக்குக் கத்திரி என்று பெயர் வைத்ததே நான்தான். ஆராய்ச்சிகளுக்கு நிதி கொடுக்கும் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை அவளுடையது. விஞ்ஞானிகள் கத்தை கத்தையாக அனுப்பும் விண்ணப்பங்களை, தெருவில் போகிறவருக்கும் புரியும்படி அரைப் பக்கமாக்கி இணையத்தில் போடுவதுதான் எங்கள் வேலை. புரியாத வரியைக் கண்டால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். தாள் கிழியும்வரை பேனாவால் குத்துவாள்.

"காயம் ஏற்படுத்தப்படுமாம்! யாருடா ஏற்படுத்துறது, உங்க தாத்தாவா?" என்று கத்துவாள். ஒரு காரியத்தைச் செய்கிற ஆள் யார் என்று சொல்லாத வரியை அவள் வெளியே விட்டதில்லை. இதில் நானும் அவள் கட்சிதான்.

அந்த முறை வந்தது முதுகெலும்பு முறிவுக்கான மருந்து. நாய்களிடம் சோதனை செய்து, இறுதியில் அவை 'முடிவுக்குக் கொண்டுவரப்படும்' என்று இருந்தது. கத்திரி விஞ்ஞானியைப் போனில் பிடித்தாள்.

"முடிவுன்னா கொல்றதுதானே சார்? யார் கொல்லுவாங்க?"

"அதெல்லாம் கூண்டு பாத்துக்கிற ஆள் பாத்துப்பாரும்மா," என்றார் அவர், வேறு ஏதோ வேலையாக இருக்கிறவரின் குரலில்.

அவள் எழுதினாள்: 'நாய்களின் முதுகெலும்பை உடைத்து, மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். பிறகு கூண்டுகளைப் பராமரிப்பவர் அவற்றைக் கொல்வார்.'

அந்த ஆய்வகத்தில் கூண்டு பார்க்கிறவன் ஒரே ஒருவன், அவளுடைய சொந்தத் தம்பி. அது அவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டில் அவன் தம்பி, சட்டையெல்லாம் நாய்மயிரோடு வந்து பெண்டாட்டியிடம் திட்டு வாங்குகிறவன். தாளில் இருந்தது வெறும் ஒரு வேலையின் பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. இத்தனைக்கும் ஊசி போடுவது கால்நடை மருத்துவர். அவன் ஒரு நாயைக்கூடக் கொன்றதில்லை.

சுருக்கம் ஊரெல்லாம் பரவியது. ஆய்வக வாசலில் கூட்டம் கூடி, "கூண்டு பாக்கிறவன் எவன்டா?" என்று கேட்டது. யாரோ தீவன மூட்டை இறக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "நான்தாங்க" என்று வெளியே வந்தான். இரும்புக் குழாயால் வாயில் அடித்தார்கள். விழுந்தவனின் கைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கைதானேடா கொல்லுது?" என்று கருங்கல்லால் நசுக்கினார்கள். இடது கையில் இரண்டு விரல்கள் தனியாகவே வந்துவிட்டன.

ஆஸ்பத்திரிக்கு அந்த விஞ்ஞானி பழக்கூடையோடு வந்தார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கத்திரி அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினாள். மூக்கில் ரத்தம் வந்தது. நான் அவளைப் பிடித்து இழுத்தேன். முழுப் பலத்தோடு இழுத்தேன் என்று சொல்லமாட்டேன்.

தம்பியின் இரண்டு கைகளிலும் மூட்டை மூட்டையாகக் கட்டு. அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான்டா எழுதினேன்."

"தெரியும்க்கா." உதடு கிழிந்திருந்ததால் மெதுவாகப் பேசினான். "ஒருத்தன் போனைப் பாத்து சத்தமா படிச்சான். மத்தவங்க அடிச்சாங்க. நான் கொல்றதில்லைங்கன்னு கத்தினேன்க்கா. அவ்வளவு தெளிவா போட்டிருக்கேடான்னு சொல்லிட்டு மறுபடியும் அடிச்சாங்க."